நான் படித்து வைத்த கிர்கிஸ்தான்

கிர்கிஸ்தானைப் பற்றி எங்கள் குடும்பத்தில் என்னைவிட அதிகம் தெரிந்தவர் யாருமில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. வயிற்றெரிச்சலில் சொல்கிறேன்.

அக்காவின் மகன் அங்கே மருத்துவம் படிக்கப் போனான். அவன் விமானம் ஏறிய அன்றே ஜித்ராவிலிருந்து அக்கா போன் செய்து அழுதாள். "அந்த நாடு எங்கடி இருக்கு? எனக்கு ஒண்ணுமே தெரியல லா." அவளுக்காகத்தான் நான் படிக்க ஆரம்பித்தேன். கையுறைத் தொழிற்சாலையில் வேலை முடிந்து, கோலா கெத்தில் ஊரில், தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். அக்காவுக்குப் படிக்கப் பொறுமை கிடையாது. நான் படித்துச் சொன்னால் கேட்டுக்கொள்வாள்.

கடலே இல்லாத நாடு. வடக்கே கஜகஸ்தான், மேற்கே உஸ்பெகிஸ்தான், தெற்கே தஜிகிஸ்தான், கிழக்கே சீனா. திரும்பிய பக்கமெல்லாம் மலை. நம் ஊர் குனோங் ஜெராய் மலையை ஆறு தடவை அடுக்கினால்தான் அங்குள்ள பெரிய சிகரத்தின் உயரம் வரும். "ஐயோ, பிள்ள எப்படி ஏறுவான்?" என்று அலறினாள். அவன் இருக்கும் பிஷ்கெக் நகரம் மலையடிவாரத்துச் சமவெளி, பஸ்ஸே ஓடுகிறது என்று சமாதானம் சொன்னேன்.

ஆடு, குதிரைகளோடு மலை மலையாகச் சுற்றித் திரிந்த மக்கள் அவர்கள். முதலில் ரஷ்யப் பேரரசன் வந்தான். பிறகு சோவியத் ஆட்சி வந்து அவர்களைக் கூட்டுப் பண்ணைகளில் உட்கார வைத்தது. இதை மட்டும் அக்காவுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு விடியுமுன் வரிசையில் நின்று பேர் கொடுத்த குடும்பம் எங்களுடையது. சோவியத் உடைந்ததும் நாடு தனியாயிற்று, பண்ணைகள் கலைந்தன, ஆண்கள் பிழைப்புத் தேடி ரஷ்யாவுக்குப் போனார்கள். பக்கத்துத் தோட்டம் விற்றுப்போனதும் எங்கள் ஆட்கள் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனதுபோலத்தான்.

அரசியல்தான் அவளைத் தூங்கவிடவில்லை. அங்கே மூன்று அதிபர்களை மக்கள் தெருவில் இறங்கியே பதவியைவிட்டுப் போக வைத்திருக்கிறார்கள். மூன்றாவது முறை பையன் அங்கே இருந்தான். செய்தியைப் பார்த்துவிட்டு அக்கா சாமி அறையைவிட்டு வெளியே வரவில்லை. கலவரம் நடப்பது ஊரின் நடுவில், அவன் விடுதி இன்னொரு கோடியில் என்று வரைபடத்தைப் பார்த்துச் சொல்லி, அவளைச் சாப்பிட வைத்தது நான். அன்றைக்குத்தான் சொன்னாள்: "அவன் பட்டம் வாங்குறப்ப நீயும் நானும் போறோம். சத்தியமாடி."

நான் அதுவரை விமானமே ஏறியதில்லை. மறு மாதமே பாஸ்போர்ட் எடுத்தேன்.

போன வருடம் பட்டமளிப்பு வந்தது. "டிக்கெட் கிடைக்கிறதே ரொம்ப சூசா லா. யாருமே போகல" என்றாள் அக்கா. நம்பினேன். கூடப்பிறந்தவளை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

இரண்டு வாரம் கழித்து அவளிடமிருந்து வீடியோ அழைப்பு. அக்காவின் தோளுக்குப் பின்னால் நீலத் தண்ணீர், அதற்கும் பின்னால் பனி மூடிய மலை. இசிக்குல் ஏரி. பார்த்த உடனே தெரிந்துவிட்டது. கொஞ்சம் தள்ளிச் சுங்கை பட்டாணி சம்பந்திகள், அதாவது பையனுக்குப் பேசி வைத்திருக்கும் பெண்ணின் அப்பாவும் அம்மாவும், படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா குரலைத் தாழ்த்தினாள். "கோவிச்சுக்காதடி, அப்புறமா சொல்றேன். இந்த ஏரி ஏன் உறையாதுன்னு சம்பந்தி கேக்குறாங்க."

"கொஞ்சம் உப்புத் தண்ணி. ஆழமும் ஜாஸ்தி." பழக்க தோஷம், வாயில் வந்துவிட்டது. அக்கா திரும்பி, ஏதோ தானே அளந்து பார்த்தவள்போல அவர்களுக்குச் சொன்னாள்.

"போன்ல யாருங்க?" என்று அந்த அம்மாள் கேட்டது எனக்குக் கேட்டது.

"ஊர்ல தெரிஞ்சவங்கதான்."

லயத்து வீட்டுத் தங்கையைச் சொல்ல வெட்கமாம். அந்த லயத்தில்தானே அவளும் பிறந்தாள்? என்னை விட்டுவிட்டுப் போனதைக்கூட ஒருநாள் மறந்துவிடுவேன். இதை மறக்கமாட்டேன். அழுகையைவிட ஆத்திரம்தான் முந்திக்கொண்டு வந்தது.

அவள் விடவில்லை. "இன்னொண்ணு கேக்குறாங்கடி. இங்க ஏன் அதிபருங்கள வெரட்டுனாங்களாம்?"

நான் அவள் முகத்தையே பார்த்துச் சொன்னேன். "நம்புனவங்களுக்கு வாக்குக் குடுத்துட்டு, அவங்களுக்குத் தெரியாம ஏமாத்துனாங்க. அதான்."

அக்காவின் முகத்தில் ஒன்றுமே மாறவில்லை. சம்பந்திகள் பக்கம் திரும்பி, நான் சொன்னதை ஒரு சொல் விடாமல் அப்படியே ஒப்பித்தாள். "பாவம் இந்த ஜனங்க" என்று உச்சுக்கொட்டவும் செய்தாள்.