மணி ஊறிய பால்

ஒன்பதாம் வகுப்புக்குப் பாதரசம் நடத்தும்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிடும். இரும்பு ஆணிகூட அதில் மிதக்கும் என்பேன். சாதிலிங்கம் என்கிற சிவப்புக் கல்லைச் சுட்டுப் பிரித்தெடுப்பது, முகம் பார்க்கும் கண்ணாடியின் பின்னால் பூசியது, காய்ச்சல் பார்க்கும் கருவியில் அடைத்தது, அதைத் தங்கமாக்கப் பார்த்து ஆயுளைத் தொலைத்தவர்கள் என்று அடுக்கிக்கொண்டே போவேன். கடைசியில் குரலைத் தாழ்த்தி, அதன் ஆவியை இழுத்தால் நரம்பு கெடும், கை நடுங்கும், வயிற்றில் இருக்கும் பிள்ளையையும் விடாது என்பேன். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்பார்கள். ஊருக்குத்தான் உபதேசம்.

ஒரு வருடம் அந்தப் பாடம் நடத்தியபோது எனக்கு மூன்றாவது மாதம். அதற்கு முன் இரண்டு கலைந்திருந்தன. வீடு குன்னம் பக்கத்தில். கணவருக்கு அரியலூர் சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் வேலை. பகலெல்லாம் மக்காச்சோளக் காட்டில் கிடக்கும் என் மாமியார், ஒருநாள் பெரம்பலூருக்குப் பஸ் ஏறிப்போய் ரசமணி வாங்கி வந்தார். பாதரசத்தோடு வேறு ஏதேதோ சேர்த்துக் கெட்டியாக்கிய மணி, கொட்டைப்பாக்கு அளவு. சுடுபாலில் அதை ஊறவைத்து எடுத்துவிட்டு அந்தப் பாலைக் குடித்தால் கரு நிற்கும் என்று விற்றவன் சொன்னானாம்.

"பயப்படாத தாயி. மொதல்ல நான் குடிக்கிறேன், பாரு," என்று அத்தை என் எதிரிலேயே அரை டம்ளர் குடித்தார். மீதியை என்னிடம் நீட்டினார்.

மறுத்திருக்கலாம்தான். போன முறை அவர் காய்ச்சிய கஷாயத்தை மறுத்தேன். பத்தாம் நாள் கலைந்துவிட்டது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டரே சொன்னார். ஆனால் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் படித்த திமிர் என்று என் காதுபடவே பேசினார்கள். அத்தை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பேன், அந்த மௌனத்தை என்ன செய்வது? இப்போது குடிக்காமல் கலைந்தால் பழி என் மேல். குடித்துக் கலைந்தால், விஷம் என்று தெரிந்தே குடித்தவளும் நான்தான். முன்னால் போனால் கடிக்கும், பின்னால் போனால் உதைக்கும். கணவரிடம் போனில் சொன்னேன்.

"பால்தான, குடிச்சிட்டுப் போயேன். அம்மா மனசு சங்கடப்படும்," என்றார்.

மூன்று நாள் குடித்தேன். ஒவ்வொரு வாய்க்கும் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். நாலாம் நாள், ஆறவிட்டுக் குடிப்பதாகச் சொல்லி டம்ளரை அறைக்குள் எடுத்துப்போய் சன்னல் வழியே கொட்டினேன். பாலை மண்ணில் கொட்டுவது பாவம் என்று கேட்டு வளர்ந்தவள், கை கூசியது. தினமும் சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு நடக்கும்போதே அந்த டம்ளர் நினைவு வந்துவிடும். அத்தை தன் பங்கைக் குடிப்பார், என் பங்கை நீட்டுவார், நான் அறைக்குப் போவேன். இருபது நாள் இப்படியே போனது.

காட்டிக்கொடுத்தது எறும்பு.

"சன்னலுக்குக் கீழ எறும்பா மொய்க்குது. பாலக் கொட்டுறியா?" அத்தையின் குரலில் கோபமே இல்லை.

பொய் சொல்ல வரவில்லை. "அந்த மணியில பாதரசம் இருக்கு அத்தை. பால்ல எறங்கியிருக்கும். புள்ளைக்கு ஆவாது. அது விஷம்," என்று அழுதுவிட்டேன்.

கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் தன் பங்கைக் குடித்து முடித்த டம்ளரோடு கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஒனக்கு மொதல்லயே தெரியுமா?"

"தெரியும் அத்தை."

"நல்லவேள. கொட்டுனியே, எம் பேரப்புள்ளையக் காப்பாத்திட்ட." என் தலையைத் தடவிக்கொடுத்தார். பிறகு மடியில் இருந்த தன் காலி டம்ளரைப் பார்த்தார்.

"தெனமும் ஒன் கண்ணு முன்னாடிதான தாயி நான் குடிச்சேன்?"