தூண்டிலில் கட்டிய மணி

அன்று ஏரிக்கரையில் அப்பா இருந்தார். வீடியோ காலில் போனைப் பிடித்துக்கொண்டு அக்கா இருந்தாள். நான் இல்லை. ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் சாயங்காலம் ஐந்தரை. இங்கிலாந்தில் எனக்குப் பகல் ஒரு மணி. கிடங்கு வேலை இல்லாத ஞாயிறு. நானும் ஓர் ஆற்றங்கரையில்தான் உட்கார்ந்திருந்தேன்.

இங்கே தூண்டிலுக்கு மணி கட்டுகிறார்கள். கோலின் நுனியைக் கவ்விக்கொள்ளும் சின்னப் பித்தளை மணி. மீன் இழுத்தால் அது அடிக்கும், ஆள் நிம்மதியாக டீ குடிக்கலாம். முதல் நாள் பார்த்தபோது சிரிப்பு வந்தது. பிறகு அதுவே பைத்தியமாகிவிட்டது. பழம்பொருள் சந்தையில் ஐம்பது அறுபது வருஷத்துச் சாமான்களாகத் தேடிச் சேர்த்தேன்: இடுப்பில் மாட்டும் புழு டப்பா, தூண்டில் நரம்பு சுற்றும் கட்டை, மீன் நிறுக்கும் கொக்கித் தராசு. எல்லாம் என்னோடு ஆற்றுக்கு வரும். ஒரு நாள் ஜோடி மணி கிடைத்தது. அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. கூலி வேலைக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். மீன் பிடிப்பது ஒன்றுதான் அவருக்கென்று மிச்சம். அதிலும் தண்ணீரில் தக்கை தெரியவில்லை. கண்ணுக்குப் பதில் காது இருக்கட்டும் என்று ஒரு மணியை அவருக்கு அனுப்ப நினைத்தேன். விற்ற கிழவர், "உங்கப்பா எந்த மீன்பிடி கிளப்பில் மெம்பர்?" என்று கேட்டார். "கிளப் எல்லாம் இல்லை, வீட்டுக்கு எதிரிலேயே ஏரி" என்றேன். "கொடுத்துவைத்தவர்" என்றார். நானும் தலையாட்டினேன்.

எப்படித்தான் தலையாட்டினேனோ. எங்கள் ஏரியின் மீன் ஊராருக்குச் சொந்தமில்லை. கல்வராயன் மலையில் மழை பெய்து ஏரி நிரம்பியதும் மீனை ஏலம் விடுவார்கள். எடுத்தவர் காவல் போடுவார். அப்பா இத்தனை வருஷமும் பிடித்தது கோரைப் புதருக்குள் குந்தி, இருமலைக்கூட அடக்கிக்கொண்டு, திருட்டுத்தனமாகத்தான். அந்த மீனைத் தின்றுதான் எங்கள் வீட்டில் முதல் ஆளாக நான் பள்ளிக்கூடம் போனேன்.

"மணி கட்டிட்டீங்களாப்பா? காட்டுங்க" என்று அன்று போனில் கேட்டேன்.

"நான் வேணான்னேன்டா" என்றாள் அக்கா. "படிச்ச புள்ள அனுப்பிக்கிறான், எதுனா காரணம் இருக்கும்ன்றாரு."

மணி அடித்தது. நான் இங்கே கைதட்டினேன். அப்பா கோலைத் தூக்குவதற்குள் காவல்காரர் வந்துவிட்டார்.

"இன்னா பெருசு, கோயில் கட்டிக்கினியா? மணியடிச்சிக்கினு திருடுற?"

"கண்ணு தெரிலீங்க. புள்ள அனுப்புனது."

"போன அவர்கிட்ட குடுக்கா!" என்று கத்தினேன். போன் கை மாறியது. "அண்ணே, தப்பு என்னுதுண்ணே. அவர வுட்டுடுங்க."

"நீ எங்க கீற?"

"இங்கிலாந்துங்க."

"அவ்ளோ தூரம் போயிக்கினு, அப்பனுக்கு அரைக் கிலோ மீனு வாங்கிக் குடுக்க முடியாதா?"

திரையில் வெறும் வானம் தெரிந்தது. கோல் முறியும் சத்தம் கேட்டது. பிறகு காவல்காரரின் சட்டைப்பையில் மணி குலுங்கிக்கொண்டே தூரமாகப் போவது கேட்டது.

அப்பா இப்போது ஏரிப் பக்கம் போவதில்லை. "நல்ல மணிதாம்பா" என்று மட்டும் ஒருமுறை சொன்னார். ஜோடியில் மற்றது என் கோலில் இருக்கிறது. மீன் பிடிக்க உரிமச் சீட்டும் பையில் இருக்கிறது. ஆனாலும் அது அடித்தால் சட்டென்று கையால் பொத்திக்கொண்டு பின்னால் திரும்பிப் பார்க்கிறேன். ஏலம் எடுத்தவர் போட்ட அபராதத்தை நான் அனுப்புகிறேன் என்றேன். அதற்குள் அக்கா, கரும்பு வெட்ட ஆள் கூட்டிப்போகும் மேஸ்திரியிடம், வெட்டப் போய்க் கழிப்பதாகச் சொல்லி முன்பணம் வாங்கிக் கட்டிவிட்டாள். மூவாயிரம் ரூபாய்.