திரைக்குப் பின்னால் ஒரு தட்டுச் சோறு

ஜாவாத் தீவில் இருக்கும் எங்கள் கிளாத்தன் ஊர்த் தையல் கூடத்தில் ரமலான் வந்தால் மூலையில் ஒரு திரை தொங்கும். மாதவிடாய் வந்த பெண்களுக்கு அந்த நாட்களில் நோன்பு இல்லை; விட்டதைப் பெருநாளுக்குப் பிறகு பிடிப்பார்கள். அவர்கள் அதன் பின்னால் போய்ச் சாப்பிடுவார்கள். யார் போனார்கள், யார் போகவில்லை என்ற பேச்சு எங்கள் எந்திரங்களைவிட வேகமாக ஓடும்.

போன வருடம் என்னோடு தைக்கும் வினார்தி ஒரு நாள்கூடப் போகவில்லை. கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆகியும் பிள்ளையில்லாதவள். மேற்பார்வை பார்க்கும் கார்சி அக்காவுக்கு இது போதாதா? "முழுகாம இருக்கா" என்று முடிவு கட்டி, அவள் மாமியார் காதிலும் போட்டுவிட்டார். பெருநாளன்று சொந்தக்காரர்கள் அவள் வயிற்றைத் தடவி வாழ்த்தினார்கள். அதற்கு முன்பே பல மாதமாக அவளுக்கு வரவில்லை என்பது யாருக்குத் தெரியும்? அவளே பாதி நம்பிப் பரிசோதித்துப் பார்த்தாள். இல்லை. மாமியார் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிறகு அவள் போய்ப் பார்த்த மருத்துவர்தான் விளக்கினாராம். சினைப்பை நீர்க்கட்டி என்று பேரே தவிர, வெட்டி எடுக்கிற கட்டி இல்லை. சுரப்புகள் நிலை தவறியதால் முட்டை முதிராமல் நிற்கிறது. மோவாயில் முளைக்கும் முடியும், ஏறும் எடையும் அதன் வேலைதான். முழுதாகப் போகாது, அடக்கி வைக்கலாம். பிள்ளையும் பிறக்கலாம், முதலில் மாதவிடாய் தானாக வரட்டும் என்றார்.

மாத்திரை, மாலை நடை, குறைந்த சோறு எல்லாம் பழகிவிட்டது. தேநீர்தான் பெரும்பாடு. எங்கள் ஊரில் சர்க்கரை போடாமல் தேநீர் கேட்பது வீட்டுக்காரியை அவமதிப்பது போல. போன வீட்டிலெல்லாம் திமிர் பிடித்தவள் என்று பேர் வாங்கினாள். எனக்கே எரிச்சலாகத்தான் இருந்தது.

இந்த ரமலானுக்கு முன் மருத்துவர், மாதவிடாயை வரவழைக்கும் மாத்திரையை நிறுத்திப் பார்க்கச் சொன்னார். வினார்தி நோன்பு பிடித்துக்கொண்டு தினமும் அந்தத் திரையைப் பார்த்தபடி தைத்தாள். மாதம் முடியப் போகும் நேரத்தில் ஒரு நண்பகல், தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கார்சி அக்கா பின்னாலேயே போய், "விடுடி, இந்த வருஷமும் கூடி வரல. மனச விட்டுடாத," என்றார்.

வினார்தி வாயில் சோற்றோடு அழுதுகொண்டே சிரித்தாள்.

"மாத்திர இல்லாம தானா வந்துருக்குக்கா. பெருநாள் முடிஞ்சு நீங்கல்லாம் விட்ட நோன்பப் பிடிப்பீங்கள்ல, அப்ப என்னையும் சேத்துக்கங்க."