ஞாயிற்றுக்கிழமை பெய்யாத மழை

மழையில் நனைகிறவனைவிட மழையை அளந்து கால்வாய் கட்டுகிறவனுக்குத்தான் தலைவலி ஜாஸ்தி என்பது ஓவர்சியர் வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் தெரியும். ஜில்லா போர்டில் நானும் அந்தப் பாவத்தைச் செய்தவன்.

வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் நடுவே ஓர் ஊர், பெயர் வேண்டாம். அங்கே தோல் பதனிடும் தொட்டிக்குப் பின்னாலுள்ள பள்ளத் தெருவுக்கு ஒரு கால்வாய் போட வேண்டும். தெருக்கோடி வீடு காதர் பாயுடையது. தோல் ஊறும் சுண்ணாம்புக் குழிகளுக்கு அவர்தான் மேஸ்திரி. வெள்ளத்தில் அவர் வீட்டு வாசல் சுவர் இரண்டு தடவை விழுந்துவிட்டது. மூன்றாம் தடவையும் விழுந்தால் பெண்டாட்டி பிள்ளைகளோடு மாமனார் ஊருக்கே போய்விடுவேன் என்று சொல்லியிருந்தார். ஒரே நாளில் அதிகபட்சம் எத்தனை அங்குலம் பெய்யும் என்று தெரிந்தால் கால்வாயின் அகலத்தை நான் சொல்லிவிடுவேன். அதைத் தெரிந்துகொள்ளத்தான் புறப்பட்டேன்.

திங்கட்கிழமை ராசி

தாலுகா கச்சேரியில் மழைமானி உண்டு, பல வருஷத்து ரிஜிஸ்டரும் உண்டு. புரட்டினால், பெருமழையெல்லாம் திங்கட்கிழமையாகப் பார்த்துப் பெய்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு சொட்டுக் கிடையாது. வருண பகவானுக்கும் சர்க்கார் லீவு உண்டோ என்று எனக்குத் தலை சுற்றியது.

மழை எழுதும் குமாஸ்தாவைக் கேட்டேன். சனிக்கிழமை காலை அளந்தால் அடுத்து திங்கள் காலைதான் அளப்பாராம். இரண்டு நாள் மழையும் திங்கள் தலையில். பண்டிகை லீவு சேர்ந்தால் நான்கு நாள் மழை. கேட்டதற்கே அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஞாயித்துக்கிழமை பேயற மழைக்கு நான் இன்னா சார் பண்றது? ஆபீஸ் லீவாச்சே!"

சின்னப்பன் நோட்டு

தொட்டி முதலாளி சாயபு, காயப்போட்ட தோலெல்லாம் நனைந்து வீணாகிறதே என்று மதராஸிலிருந்து சொந்தமாக ஒரு மழைமானி தருவித்திருந்தார். காவல்காரன் சின்னப்பன் ஞாயிறு, பெருநாள் பாராமல் தினமும் காலையில் அளந்து நோட்டில் எழுதி வந்தான். அகப்பட்டதடா என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் எந்த வருஷத்தைப் பார்த்தாலும் பெருமழை சரியாக ஐந்து அங்குலம். காதர் பாய் சுவர் கடைசியாக விழுந்த நாளிலும் ஐந்துதான். கச்சேரியில் அதே மழை ஒன்பது! சின்னப்பன் மழைமானிக்குள் இருந்த பாட்டிலை எடுத்து என் கையில் கொடுத்தான்.

"இது அவ்ளோதான் சார் புடிக்கும். வழிஞ்சு போனத எப்டி சார் அளக்கறது?"

ஐந்தும் ஒன்பதும்

எங்கள் போர்டு இஞ்சினீயர் ஜட்கா வண்டியை விட்டு இறங்காமலே விசாரித்தார். ஒன்பது என்பது இரண்டு நாள் மழையாக இருக்கலாம், ஐந்து என்பது வழிந்த பாட்டில் என்று நான் விளக்க விளக்க அவர் முகம் சுருங்கியது. கூட்டிப் பாதியாக்கி ஏழு என்று போடச் சொன்னார். ஏழுக்கு இரண்டரை அடிக் கால்வாய் போதும். தப்பையும் தப்பையும் கூட்டி இரண்டால் வகுத்தால் சரி வருமா என்று கேட்க வாயெடுத்தேன். உத்தியோகம் ஞாபகம் வந்து மூடிக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருந்தது.

"எனக்கு ஒரு நம்பர் வேணும்ய்யா, கதை வேணாம்."

பெட்டிக்குப் பின்னால்

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. கடைசியில் காதர் பாய் வீட்டுக்கே போனேன். வெள்ளம் வந்தால் சுண்ணாம்புக் குழிகளும் சேர்ந்து வழியும். தண்ணீர் நின்ற உயரத்தில் சுவரில் வெள்ளைக் கோடு விழும். விழாமல் நின்ற உள்சுவரில் அந்தக் கோட்டைத் தேடினேன். சுவர் முழுக்க ஒரே வெள்ளை. ரம்ஜான் பெருநாளுக்கு அவர் மனைவி ஜைனப் பீ சுண்ணாம்பு அடித்திருந்தார்!

பாய்க்கு ஏதோ தோன்றி, மூலையிலிருந்த இரும்புப் பெட்டியை நகர்த்தினார். அதன் பின்னால் மட்டும் மண் சுவர் அப்படியே இருந்தது. என் இடுப்புக்கு மேலே ஒரு வெள்ளைக் கோடு. அந்த உயரத்துக்கு இரண்டரை அடிக் கால்வாய் எந்த மூலைக்கு? நான்கடியாவது வேண்டும். கதவுக்குப் பின்னாலிருந்து ஜைனப் பீயின் குரல் வந்தது.

"பொட்டிக்குப் பின்னால யாரு பார்க்கப் போறாங்கன்னு வுட்டுட்டேன் அண்ணே, வெளில சொல்லாதீங்க."

நான்கடி

சொல்லவில்லை. ஏழு என்பதை அடித்துவிட்டு, 'தாலுகா கச்சேரி ரிஜிஸ்டர்படி ஒன்பது' என்று எழுதி, நான்கடி வரைந்து அனுப்பினேன். கச்சேரி என்ற பெயரைப் பார்த்ததும் இஞ்சினீயர் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த ஐப்பசியில், சனிக்கிழமை பகலில் பிடித்த மழை ஞாயிறு முழுக்க விடவில்லை. திங்கள் காலை விழுந்தடித்து ஓடினேன். குமாஸ்தா இன்னும் கச்சேரிக்கு வரவில்லை. சின்னப்பன் நோட்டில் இரண்டு நாளும் ஐந்து, ஐந்து. பள்ளத் தெருவில் கால்வாய் முக்கால்வாசி நிரம்பி ஓடிக்கொண்டிருந்தது. தெருக்கோடியில் சுவர் நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. காதர் பாய் வாசலில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், இம்மாம் பெரிய கால்வா கட்டி வுட்டீங்க, இந்த தபா பார்த்து மழையே கம்மியாப் பூட்ச்சே!"

என் உத்தியோகத்தில் நான் உருப்படியாகக் கட்டிய கால்வாய் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன், ஆனால் அன்று பெய்தது எத்தனை அங்குலம் என்று சொல்ல இன்றுவரை என்னிடம் நம்பத் தகுந்த கணக்கு ஒன்றுமில்லை.