ஒரே முட்டி, மூன்று வைத்தியம்

என் மனைவி வசந்தியால் திடீரென்று மாடிப்படி ஏற முடியவில்லை. பாதிப் படியில் வலது முட்டி பூட்டிக்கொண்டாற்போல நின்றுவிடும். கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பாள். மொட்டை மாடியில் துணி உலர்த்தும் வேலை என் தலையில் விழுந்தது. அப்போதுதான் நிலைமையின் தீவிரம் எனக்கு உறைத்தது!

சேலையூரிலிருந்து ஆட்டோ பிடித்து, மெயின் ரோட்டில் கண்ணாடி மாளிகை மாதிரி நிற்கும் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரிசப்ஷனில் இருந்த பெண் என்ன வலி, எங்கே வலி என்று எதுவும் கேட்கவில்லை.

"இன்சூரன்ஸ் இருக்கா சார்?"

இருக்கிறது. மகள் நித்யா வேலை பார்க்கும் ஐ.டி. கம்பெனியில் அப்பா அம்மாவுக்கும் சேர்த்து பாலிசி. சொன்னதும் அந்தப் பெண்ணின் முகத்தில் அப்படியொரு மலர்ச்சி! எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் அதை ஒரு தரம் தூக்கிப் பார்த்தார்.

"தேய்மானம்மா. முட்டியை மாத்திடலாம். கேஷ்லெஸ்தானே? அடுத்த வாரமே பண்ணிடலாம்."

முட்டி என்ன பல்பா, கழற்றி மாட்ட?

எதிர்வீட்டு தனசேகரிடம் புலம்பினேன். மனை வாங்கி விற்பவர். யாரையும் லேசில் நம்பமாட்டார்.

"இன்சூரன்ஸ் கீதுன்னு இன்னாத்துக்கு சார் வாயத் தொறந்தீங்க? இல்லன்னு சொல்லிப் பாருங்க. முட்டி தானா சரியாப்பூடும்."

யோசனை பிடித்திருந்தது. கேம்ப் ரோடு பக்கம் ஒரு சின்ன கிளினிக். அதே எக்ஸ்ரே. அதே கேள்வி. "இல்லைங்க டாக்டர்" என்றேன், முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு. வசந்தி என்னை முறைத்தாள்.

"இந்த வயசுல இது சகஜம்தான். மாத்திரை, களிம்பு, கொஞ்சம் எக்ஸர்சைஸ்... பார்ப்போம்."

வெளியே வந்ததும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். "பாத்தியா? ஒரு பொய்யில உன் முட்டியைக் காப்பாத்திட்டேன்!"

வசந்தி சிரிக்கவில்லை. "அவர் நம்ம பாலிசியைப் பார்த்தார். இவர் நம்ம இல்லாமையைப் பார்த்தார். என் முட்டியை யாருங்க பார்த்தா?"

நான் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினேன்.

களிம்பு தீர்ந்தது. வலி தீரவில்லை. ஒரு காலையில் அவளைக் காணோமே என்று தேடினால் — ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் நடுப் படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள். எனக்கு உயிரே போய்விட்டது.

மறுபடி கிளினிக். இந்த முறை அவள் என்னை முந்திக்கொண்டாள். "டாக்டர், எங்களுக்கு இன்சூரன்ஸ் இருக்கு. அன்னைக்கு இவர் பொய் சொன்னார்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "முட்டி பூட்டிக்குதுன்னா ஜவ்வு கிழிஞ்சிருக்கலாம். அப்ப ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துடலாமே?"

எனக்குச் சுருக்கென்றது. "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே டாக்டர்?"

"பெரிய ஸ்கேன்னு சொன்னா, வசதி இல்லாதவங்க அப்புறம் இந்தப் பக்கமே வர்றதில்ல சார். மாத்திரையும் கிடையாது, எக்ஸர்சைஸும் கிடையாது. அதனால முதல்ல முடிஞ்சதைச் சொல்றேன்."

அவரை நல்லவர் என்பதா? ஆளைப் பார்த்து மருந்து கொடுப்பவர் என்பதா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ஸ்கேனில் ஜவ்வு கிழிந்திருந்தது. சின்னத் துளை போட்டுச் சரி செய்தார்கள். முட்டி அவளுடைய சொந்த முட்டிதான். இப்போது நன்றாக நடக்கிறாள்.

ஆனால் என் சந்தேகம் மட்டும் ஆறவில்லை. பாலிசியைக் காட்டினால் புது முட்டி. மறைத்தால் களிம்பு. முதல் டாக்டரை நம்பியிருந்தால் வேண்டாத ஆபரேஷன். என் பொய்யையே தொடர்ந்திருந்தால் வேண்டிய ஆபரேஷனும் நடந்திருக்காது. நோய் என்னவோ ஒன்றுதான். ரிசப்ஷனில் நாம் சொல்லும் பதிலைப் பொறுத்து அது பெருக்கிறது, சிறுக்கிறது. பொய் சொல்லத் தெரியாத பாலிசிக்காரரும், உண்மையைச் சொல்லியும் ஸ்கேன் கிடைக்காதவரும் எங்கே போவார்கள்?

சரி, கேள்வி கேட்பவர்கள் ஆஸ்பத்திரிக்காரர்கள் மட்டும்தானா? நேற்று நித்யா போன் செய்தாள்.

"அப்பா, பாலிசி வருஷம் முடியப் போகுது. அம்மாவுக்குச் செலவானது போக இன்னும் நிறைய பணம் பாக்கி இருக்கு. உனக்கு எங்கயாவது வலிக்குதா?"

அதுவரை எங்கேயும் வலிக்கவில்லை. அவள் கேட்டதிலிருந்து இடது தோள்... லேசாக!