ஓவியரே என்று கூப்பிட்டவள்

விளக்குப் போடும் நேரத்தில் செய்தி வந்தது. புருல் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கதவைத் திறந்தால் முல்லாவும் நாலைந்து பெரியவர்களும் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் கணவனின் அண்ணன் தோக்தோ. பெரியவர்கள் இப்படிச் சேர்ந்து வந்து, நலம் விசாரிக்காமல், கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தால் ஏரிக்கரை ஊரான பலிக்சியில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அது தெரிந்தும் அவள் தேநீர் வைக்கப் போனாள்.

"தேத்தண்ணி வேணாம்மா. வந்து உக்காரு," என்றார் முல்லா.

"அவர் வீட்டுல இல்லீங்களே. இன்னிக்கு வண்டிக்கு லீவு. படம் போடறேன்னு அணைப் பக்கம் போயிருக்கார். வர்ற நேரம்தான்."

முல்லா மலையைப் பற்றிப் பேசினார், ஏரியைப் பற்றிப் பேசினார், போனவர்கள் திரும்புவதில்லை என்பதைப் பற்றிப் பேசினார். அப்படிச் சுற்றி வளைத்துச் சொல்வதுதான் வழக்கம். தோக்தோவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"தம்பி போயிட்டான், புருல்."

ஆடு மேய்க்கிறவன் ஒருவன் பார்த்திருக்கிறான். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடியே, மடியில் படம் வரையும் பலகையோடு, சாகின் விறைத்துப்போயிருந்தான். இதயம் முதலில் நின்றதா, குளிர் முதலில் பிடித்ததா என்று யாருக்கும் தெரியவில்லை. வேன் பத்தடி தள்ளித்தான் நின்றது.

கொச்கோருக்கும் பலிக்சிக்கும் இடையே வேன் ஓட்டியவன் சாகின். லீவு நாளில் படம் போடுவான். தண்ணீரும் அதற்கு அந்தப் பக்கம் உள்ள மொட்டை மலையும்தான் எப்போதும். விற்றதில்லை; யாரும் கேட்டதுமில்லை.

அந்த வீட்டில் பழைய வழக்கம் இன்னும் இருந்தது. மருமகள் கணவன் பெயரைச் சொல்லக் கூடாது. பிள்ளை இருந்தால் பிள்ளையின் அப்பா என்று கூப்பிட்டிருப்பாள், பிள்ளையும் இல்லை. ஒருநாள் சூப்பில் வண்ணம் கரைக்கும் டர்பன்டைன் வாசம் அடித்த கோபத்தில், "ஓவியரே, இதையும் நீங்களே குடிங்க" என்றாள். அவன் சட்டென்று திரும்பிப் பார்த்தான். மற்ற நேரத்தில் மூன்று தடவை கூப்பிட்டால்தான் திரும்புகிறவன். அன்று முதல் அதுவே அவன் பெயராகிவிட்டது. கேலி எப்போது வடிந்துபோனது என்று அவளுக்கே தெரியாது.

இரவோடு இரவாக முற்றத்தில் கம்பளிக் கூடாரம் எழுப்பினார்கள். சாகினைத் திரைக்குப் பின்னால் கிடத்தினார்கள். விடிந்ததும் ஊர் வரும். பெண்கள் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து ஒப்பாரி வைக்க வேண்டும். அவன் யார் என்று மனைவிதான் பாடவேண்டும்.

கறுப்புத் துணியைக் கட்டிவிட்டுக்கொண்டே மூத்த நாத்தனார் கலிபா கேட்டாள்: "என்னன்னு பாடப்போறே?"

"ஓவியர்னு."

"உனக்கென்ன கிறுக்கா? ஊரே வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கும். அதாலதானேடி செத்தான்! டிரைவர்னா வண்டிக்குள்ள ஹீட்டர் போட்டு உக்காந்திருப்பான்."

"அண்ணி, போன மாசம் செத்தவருக்கு நூறு குதிரைக்காரர்னு பாடினீங்க. அவர்கிட்ட ஒரு கழுதை இருந்துச்சா?"

"அது ஒப்பாரி. அப்படித்தான் பாடுவாங்க. இது வேற." கலிபா முடிச்சை இறுக்கினாள். "கலாசார மன்றத்துல இவன் படத்தை மாட்டினாங்களே, அன்னிக்கு வெளியூர்லேர்ந்து வந்த அந்தப் பெரிய ஓவியர் நேராவே கேட்டாரு, நீங்க ஓவியராங்கன்னு. இவன் என்ன சொன்னான்? 'இல்லீங்க, டிரைவர். சும்மா கிறுக்குவேன்.' அவனே சொல்லிக்காததை நீ எதுக்குடி சொல்றே?"

புருலுக்கு அந்த நாள் நினைவிருந்தது. வீட்டுக்கு வந்து தூரிகைகளைக் கழுவித் துணியில் சுற்றி வைத்தான். அந்தக் குளிர்காலம் முழுக்க அவிழ்க்கவில்லை.

விடிந்தது. வெளியே ஆண்கள் தடியூன்றிக் குனிந்து கதறும் சத்தம் கேட்டது. புருல் கூடாரச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து குரலெடுத்தாள். மலையைத் துணிக்குள் கொண்டுவந்தவரே, தண்ணீரின் நிறம் தெரிந்தவரே, என் ஓவியரே என்று பாடினாள். சிரிப்பு வரும் என்று முதுகை விறைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

ஒருவரும் சிரிக்கவில்லை. பக்கத்திலிருந்த பெண்கள் தலையை ஆட்டி, கூடவே அழுதார்கள். நூறு குதிரைக்கு ஆட்டிய அதே தலைகள்தான். ஒரு கிழவி அவள் முதுகைத் தடவி, "அழகா ஏத்திச் சொன்னே கண்ணு, புருசனை இப்படித்தான் ஏத்திச் சொல்லணும்" என்றாள்.

புருலின் குரல் அங்கேயே உடைந்தது. சிரித்திருந்தால்கூடத் தேவலை. வாழ்நாளில் அவள் ஊரறியச் சொன்ன ஒரே உண்மையை, சாவுக்குச் சொல்லும் பொய்களோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். அதற்குமேல் அவள் பாடவில்லை. மீதியைக் கலிபா பாடினாள்: நல்ல தம்பி, நல்ல டிரைவர், ஒரு விபத்தும் செய்யாதவன்.

செத்து ஓராண்டு முடிகையில் வைக்கும் வருஷ விருந்துக்கு முன்னால் தோக்தோ கல்வெட்டுக்காரனை அழைத்து வந்தார். கல்லறைக்கான கறுப்புக் கல்லில் சாகினின் முகத்தைப் பொறித்தாகிவிட்டது.

"பேருக்குக் கீழே 'டிரைவர்'னு போடச் சொல்லவா?"

"ஓவியர்னு போடுங்க, அத்தான்."

"அதெல்லாம் ஒப்பாரிக்கும்மா. கல்லு நின்னு பேசும். நாளைக்கு நாலு பேரு, எந்த ஓவியர், எங்க படிச்சாருன்னு கேட்டா, நான் என்ன சொல்ல?" அவர் குரலில் கடுமை இல்லை. "அவன் பொய் சொல்லாதவன். அவன் தலைமாட்டுல பொய்யை நட வேணாம்."

"அப்போ டிரைவர்னும் போடாதீங்க."

தோக்தோ அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கல்வெட்டுக்காரனிடம், "இடத்தை விட்டு வை. அப்புறம் சொல்றோம்," என்றார்.

கல்லை நட்டு இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. எழுத்து நேராக வரக் கல்வெட்டுக்காரன் இழுத்த சுண்ணக்கோடு மழையில் போய்விட்டது. பெயருக்குக் கீழே இன்னும் எதுவும் செதுக்கவில்லை.