சரோஜாவின் கட்டிலுக்கு ஒரு விரிப்பு

குடும்பம் நடத்துகிற தொழிலில் எதை வாங்கினாலும் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. அரிசியை வாயில் போட்டு மெல்லலாம். முருங்கைக்காயை முறுக்கிப் பார்க்கலாம். தேங்காயைக் காதோரம் ஆட்டலாம். புளியை ஒரு நக்கு நக்கிவிட்டு, வேண்டாம் என்று நடையைக் கட்டலாம். மெத்தை விரிப்பை மட்டும் கடையில் விரித்துப் படுத்துப் பார்க்க முடியாது. படுக்காமல் அது நல்லதா கெட்டதா என்று தெரியவும் தெரியாது. என்னைப் போல இதில் மாட்டிக்கொண்டு முழித்த சகோதரிகள் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன், புத்தி சொல்வதற்கு அல்ல. சொல்ல என்னிடம் புத்தி எதுவும் மிச்சமில்லை.

சிவப்பு விரிப்பு

மூத்தவள் வசந்தாவை வத்தலக்குண்டில் கொடுத்தோம். மெத்தை, தலையணை, விரிப்பு எல்லாம் பெண் வீட்டுச் சீர். நான் பார்த்துப் பார்த்து, ஓரமெல்லாம் பூப்போட்ட சிவப்பு விரிப்பு ஒன்று எடுத்தேன். விலையும் சல்லிசு, பார்வைக்கும் ராஜாவீட்டுச் சாமான் மாதிரி இருந்தது. வைகாசி மாசம், வேர்த்து ஊற்றுகிற காலம். கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் மாப்பிள்ளை எழுந்து கூடத்துக்கு வந்தார். வேட்டி ரோஸ். பனியன் ரோஸ். முழங்கை இரண்டும் ரோஸ். வீடு நிறைய விருந்தாளிகள். சிரிப்பை அடக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்றோடு போயிருந்தால் பரவாயில்லை. ஐந்து வருஷமாக அந்த வீட்டில் எது சாயம் போனாலும் பேச்சு என் மகள் தலையில்தான் வந்து விழுகிறது. அவள் பீட்ரூட் பொரியல் பரிமாறினால்கூட ஒரு கனைப்புச் சத்தம் கேட்கிறதாம். போன தீபாவளிக்குத் துணிமணியோடு நாங்கள் போய் இறங்கியபோது, வசந்தாவின் மாமியார் தட்டை வாங்காமல் சொன்னார்: "செத்த இருங்க சம்பந்தி. மொதல்ல ஒரு வாளித் தண்ணியில முக்கிக் காட்டுங்க, பெறகு வாங்கிக்கிறோம்."

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்

இப்போது புரிந்திருக்கும், இளையவள் சரோஜாவுக்கு ஒட்டன்சத்திரத்தில் இடம் அமைந்தபோது எனக்கு நகையைவிட விரிப்புதான் பெரிய கவலையாகிப் போனது ஏன் என்று. நிச்சயதார்த்தம் முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் சரோஜா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, அக்கா மாதிரி என்னால பேச்சுக் கேட்டுட்டுச் சிரிக்க முடியாது, நான் அழுதுருவேன்" என்றாள். அவளும் அப்படித்தான், தொட்டால் சிணுங்குகிற பெண். அக்காவுக்கு இருக்கிற தடித்த தோல் இவளுக்கு இல்லை.

நான் கான்வென்ட் போர்டிங்கில் படித்தவள். அங்கே ஒரு சிஸ்டர், நல்ல விரிப்பை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் இருக்கிற விரல் தெரியக் கூடாது என்று எங்களுக்குப் பாடமே நடத்தியிருந்தார். அந்தத் தைரியத்தில் எங்கள் திண்டுக்கல் பெரிய கடைவீதியில் பாய் ஒருவரின் ஜவுளிக்கடைக்குப் போனேன். வெள்ளையில் மூன்று விரிப்பு எடுத்துப் போட்டார்: மட்டமான விலை, நடுத்தரம், யானை விலை. சாயம் இருந்தால்தானே போகும், ஆகையால் வெள்ளை என்று மட்டும் முடிவு செய்திருந்தேன். மூன்றையும் வாசல் வெளிச்சத்தில் பிடித்தேன். மட்டமானதில் விரல் தெரியவே இல்லை. யானை விலை விரிப்பில் ஐந்து விரலும் மோதிரமும் தெரிந்தன.

"என்ன பாய், எதை எதுக்கு விக்கிறீங்க?" என்று கேட்டேன். பாய் மட்டமான விரிப்பின் மூலையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துப் பரபரவென்று தேய்த்தார். மேஜைமேல் மாவு சலித்த மாதிரி வெள்ளையாகக் கொட்டியது. அத்தனையும் கஞ்சி. துவைத்த பிறகு அது கொசுவலைதானாம். யானை விலை விரிப்பில் நூல் சன்னம், அதனால் வெளிச்சம் வரும், ஆனால் நெசவு நெருக்கம், உழைக்கும் என்றார். "தெரிஞ்சே இந்தக் கஞ்சியை ஏன் வாங்கி வச்சிருக்கீங்க?" என்று நானும் விடவில்லை. பாய் மாவைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வெளிச்சத்துல பிடிச்சுப் பாக்குற படிச்ச அம்மாமார் எல்லாம் அதைத்தாம்மா கேட்டு வாங்கிட்டுப் போறாங்க."

மூன்று ஞாயிற்றுக்கிழமை

அவர் சொன்னதையும் நம்புவதா? விலை கூடியதை விற்றால் அவருக்குத்தானே லாபம். ஆகவே மூன்று துணியிலும் ஒவ்வொரு தலையணை உறை மட்டும் தைத்து வாங்கிக்கொண்டு வந்தேன். கல்யாணத்துக்கு மூன்று மாசம் இருந்தது. முதல் பரிசோதனை என் வீட்டுக்காரர். அவர் ஹைஸ்கூலில் கணக்கு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணி நேரம் தூங்காவிட்டால் திங்கட்கிழமை பிள்ளைகளை அடிப்பார். அவரிடம் சொல்லாமல் வாரம் ஒரு உறையாக மாற்றிப் போட்டேன்.

மூன்றாவது ஞாயிறு அவர் எழுந்ததும் விஷயத்தைச் சொல்லி, எந்த வாரத்துத் தூக்கம் நன்றாக இருந்தது என்று நோட்டுப் புத்தகத்தோடு போய் நின்றேன். கண்ணை மூடி, நெற்றியைச் சுருக்கி, தேற்றம் நிரூபிக்கிற மாதிரி யோசித்தார். "முதல் வாரம்தான். சந்தேகமே இல்லை" என்றார். முதல் வாரம் போட்டது கஞ்சி உறை. "எதை வச்சுச் சொல்றீங்க?" என்றேன். "அன்னைக்குத்தானே நீ கறிக்குழம்பு வச்சிருந்த?"

புள்ளி வைத்த உறைகள்

ஆண்பிள்ளையிடம் கேட்டது என் தப்பு. துணியைப் பற்றித் துணி வெளுக்கிறவளிடம் அல்லவா கேட்டிருக்க வேண்டும்! எங்கள் தெருவுக்கெல்லாம் வெளுப்பவள் மாரியம்மாள். வீட்டுக்கு வீடு, வெளுத்தாலும் போகாத சேராங்கொட்டை மையால் குறி போடுவாள். எங்கள் வீட்டுக்கு ஒரு பெருக்கல் குறி. அதன் பக்கத்தில் மட்டமான உறைக்கு ஒரு புள்ளி, நடுத்தரத்துக்கு இரண்டு, விலை கூடியதற்கு மூன்று வைக்கச் சொல்லி, ஆறு வாரம் விடாமல் வெளுத்து வா என்று கொடுத்தேன். எந்தப் புள்ளி என்ன விலை என்பதையும் விளக்கமாகச் சொல்லித் தொலைத்தேன். கான்வென்ட் படிப்பு.

ஆறாவது வாரம் ஒற்றைப் புள்ளி உறை நார் நாராகக் கிழிந்து வந்தது. இரண்டு புள்ளி மூலையில் நைந்திருந்தது. மூன்று புள்ளி, வாங்கிய அன்று மாதிரியே இருந்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஒரு விஷயமாவது தீர்ந்தது, காசுக்கு ஏற்ற பண்டம்தான் என்று மாரியம்மாளுக்குக் காப்பி கொடுத்து உட்காரவைத்தேன். "எல்லாத்தையும் ஒரே மாதிரித்தானே வெளுத்த?" என்று பேச்சுவாக்கில் கேட்டேன். அவளுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! "அதெப்படித் தாயி? மூணு புள்ளி அம்புட்டு வெலைன்னு நீங்கதேன் சொன்னீங்க. அதைப் போயிக் கல்லுல அடிப்பேனா? கையாலதேன் கசக்குனேன். அடிக்க வேண்டியதை எல்லாம் சேத்து ஒத்தைப் புள்ளியில அடிச்சேன்."

நடுவில் ஒரு தையல்

கல்யாணத்துக்கு ஒரு மாசம்கூட இல்லை. கடையை நம்பினால்தானே குழப்பம், நெய்கிறவர்களிடமே போவோம் என்று இவரையும் இழுத்துக்கொண்டு சின்னாளப்பட்டிக்கு பஸ் ஏறினேன். கெஜம் போய் மீட்டர் வந்த புதுசு. ஒட்டன்சத்திரத்திலிருந்து கட்டில் அளவு அடியில் எழுதி வந்திருந்தது. நான் மனசுக்குள் கெஜத்தில் போட்டு வைத்திருந்தேன். நெசவுக்காரர் மீட்டரில் கேட்டார். கணக்கு வாத்தியார் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கணக்குப் போட்டு மூன்று தடவை மூன்று விடை சொன்னார்.

கடைசியில் நெசவுக்காரர் தறிப்பலகையைக் காட்டி, இவ்வளவுதான் அகலம் வரும், உங்கள் கட்டிலுக்கு இரண்டு துண்டு நெய்து நடுவில் மூட்டித்தான் ஆக வேண்டும், இருபது வருஷம் ஆனாலும் அசையாது என்றார். நூல் என்னமோ அருமையான நூல். ஆனால் புதுசாகக் கல்யாணமானவர்கள் படுக்கையில் நட்ட நடுவில் தலையிலிருந்து கால்வரை ஒரு தையலா? அதைப் பார்த்து சரோஜாவின் மாமியார் என்ன சொல்லுவார்? நான் தயங்குவதைப் பார்த்துவிட்டு, ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்த நெசவுக்காரர் மனைவி தலையைத் தூக்காமலே சொன்னாள்: "கோடு கெடக்கிறது நல்லதுதேன் அக்கா. யாரு எடம் எதுன்னு சண்டை வராதுல்ல." இவர் திண்டுக்கல் வந்து சேரும்வரை பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தார்.

மூட்டை

முகூர்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது யோசிப்பதை நிறுத்திவிட்டு, பாய் கடையில் அந்த யானை விலை விரிப்பையே இரண்டாக வாங்கினேன். நல்லது என்று தெரிந்து வாங்கவில்லை. நாளைக்கு யாராவது ஏதாவது சொன்னால், இதற்குமேல் விலையில் ஊரில் கிடையாது என்று பதில் சொல்லலாமே என்று வாங்கினேன். மெத்தை பஸ் மேலே போக வேண்டும், அழுக்காகுமே என்று கேட்டபோது, மில்லிலிருந்து வரும் துணிப் பொதியைச் சுற்றியிருந்த பழுப்புக் காடாத் துணி ஒன்றைப் பாய் சும்மாவே எடுத்துக் கொடுத்தார். மெத்தையையும் தலையணைகளையும் அதில் வைத்து மூட்டையாகக் கட்டி ஏற்றி அனுப்பினோம். விரிப்பு இரண்டையும் தாம்பாளத்தில் வைத்து நானே கையில் கொண்டு போனேன்.

கல்யாணம் நல்லபடி முடிந்தது. நாற்பது நாள் கழித்து மகளைப் பார்க்க ஒட்டன்சத்திரம் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றவில்லை, அதற்குள் சரோஜா ஓடிவந்து காதோடு, "அத்தை உன்கிட்ட விரிப்பைப் பத்தி ஏதோ கேக்கணும்னு ரெண்டு நாளா சொல்லிட்டு இருக்காங்கம்மா. என்னன்னு எனக்குச் சொல்ல மாட்டேங்குறாங்க" என்றாள். அவள் முகம் சரியாக இல்லை. கஞ்சியா, கிழிசலா, மஞ்சள் ஏறிவிட்டதா? கொடுத்த காப்பியைச் சூடு தெரியாமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

சம்பந்தி அம்மா என்னை உள்ளே கூட்டிப்போய் முதலில் பீரோவைத் திறந்தார். என் விரிப்பு இரண்டும் மடிப்புக் கலையாமல், நடுவில் நாலு அந்துருண்டையோடு இருந்தன. "இம்புட்டு வெலையுள்ளதைக் கால்ல போட்டு மிதிக்கலாமுங்களா? நாளைக்குப் பேரனுக்குப் பேர் வைக்கிறப்பத்தான் வெளிய எடுப்போமுங்க" என்றார். பிறகு கட்டிலைக் காட்டினார். அதில் பாய் கடைக் காடாத் துணி, நாலைந்து வெளுப்பில் வெளுத்து மெத்து மெத்தென்று, மூலையில் மில் முத்திரை எழுத்து நீலமாகத் தேய்ந்து தெரிய, ஒரு சுருக்கமில்லாமல் விரித்திருந்தது. விளையாடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன், விளையாட்டு இல்லை. வாசற்படியில் நின்றிருந்த சரோஜாவைப் பார்த்தேன், அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. சம்பந்தி அம்மா அந்தத் துணியைக் கையால் தடவிக்கொண்டே கேட்டார்: "ஏனுங்க சம்பந்தி, இதுல படுத்தா தூக்கம் அப்புடி வருதுங்க. பெரியவன் கட்டிலுக்கும் இதே மாதிரி ஒண்ணு வேணும், வெலை எவ்வளவு ஆனாலும் பரவாயில்லீங்க, எந்தக் கடையில வாங்குனீங்க?"

விலை கூடிய விரிப்பு வாங்கலாமா கூடாதா என்று என்னைக் கேட்காதீர்கள், அது எனக்கு அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியாது, ஆனால் வாங்குகிற அன்று மூட்டை கட்ட ஒரு நல்ல துணியும் சேர்த்துக் கேட்டு வாங்கி வந்துவிடுங்கள்.